புகார் பெட்டிக்குப் பின்னால் யார்?

இணையதளங்கள் தங்கள் பயனர்களின் பேச்சைக் கேட்கின்றனவா என்ற கேள்வி வந்தாலே எல்லோரும் ஃபேஸ்புக், ட்விட்டர், யூடியூப் என்று தொடங்கிவிடுகிறார்கள். அங்கே பயனர் என்பவர் விளம்பரக்காரருக்கு விற்கப்படும் சரக்கு. சரக்கு வாய் திறந்தால் கடைக்காரர் ஏன் கேட்கப்போகிறார்? அந்தக் கதையில் நாம் கற்றுக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை.

நான் எடுத்துக்கொள்வது வேறு வகை இடங்களை. கதை எழுதுகிறவர்கள், கம்பளி நூல் பின்னுகிறவர்கள் பொழுதுபோக்குக்காகக் கூடும் தளங்கள். கூடுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நடத்துகிறவர்களும் அதே கதையை எழுதுகிறவர்கள், அதே ஊசியைப் பிடிக்கிறவர்கள். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று மனதாரச் சொல்லிக்கொள்கிறவர்கள். (அந்தச் சொல்லைக் கேட்டதும் குடும்பத்தில் யார் கூடத்தில் இருக்கிறார்கள், யார் வாசலில் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பழக்கம் இந்தக் கட்டுரைக்கு உதவும்.) கெட்ட முதலாளி இல்லாத இடத்தில், நல்ல மனம் படைத்தவர்கள் நடத்தும் இடத்தில், ஒரு புகார் என்ன ஆகிறது? அதன் வரலாற்றைத்தான் பார்க்கப்போகிறோம் தோழர்களே.

கதை 2007 இல், அமெரிக்காவில் தொடங்குகிறது. லைவ்ஜர்னல் என்றொரு தளம். பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற இளைஞர் 1999 இல் தன் நண்பர்களுக்காகத் தொடங்கியது. 2005 தொடக்கத்தில் சிக்ஸ் அபார்ட் என்ற நிறுவனம் அதை வாங்கியது. அதற்குள் அங்கே ஒரு பெரிய கூட்டம் குடியேறியிருந்தது: ரசிகர் புனைவு எழுதுகிறவர்கள். படம் முடிந்த பிறகு அந்தப் பாத்திரங்கள் என்ன ஆனார்கள் என்று நாம் டீக்கடையில் பேசிக்கொள்வதை அவர்கள் கதையாகவே எழுதுவார்கள். ஹாரி பாட்டர், ஸ்டார் ட்ரெக் என்று எதை வேண்டுமானாலும் எடுத்து நீட்டுவார்கள், திருப்பிப் போடுவார்கள். 1960களிலேயே சைக்ளோஸ்டைல் இதழ்களாக இந்த எழுத்து இருந்தது. காசு கிடையாது. பேர் கிடையாது, பெரும்பாலோர் புனைபெயரில்தான் எழுதினார்கள். பெண்களும் தற்பால் ஈர்ப்பாளர்களும் தங்களுக்குக் கதைகளில் மறுக்கப்பட்ட இடத்தைத் தாங்களே எழுதி எடுத்துக்கொண்ட மரபு இது.

2007 மே மாதக் கடைசியில் ஒரு நாள் லைவ்ஜர்னலில் ஏறத்தாழ 500 கணக்குகள் ஒரே வீச்சில் முடக்கப்பட்டன. முடக்கப்பட்ட கணக்கின் பெயர் மேல் ஒரு கோடு விழும். அதனால் அந்த நிகழ்வுக்கே பயனர்கள் 'ஸ்ட்ரைக்த்ரூ' என்று பெயர் வைத்தார்கள். காரணம்? குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்கிறவர்கள் அங்கே ஒளிந்திருப்பதாக வெளியிலிருந்து ஓர் அமைப்பு நிறுவனத்திடம் புகார் கொடுத்திருந்தது. நிறுவனம் ஒவ்வொரு கணக்கையும் திறந்து படித்துப் பார்க்கவில்லை. பயனர்கள் தங்கள் 'ஆர்வங்கள்' என்று பட்டியலிட்டிருந்த சொற்களைப் பார்த்தது. பாலியல் வன்முறை என்ற சொல் இருந்தால் தூக்கு. விளைவு, அந்த வன்முறைக்கு ஆளாகி மீண்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள நடத்திய குழுக்களின் மேலும் கோடு விழுந்தது. 'லோலிடா' நாவலைப் பற்றி ஸ்பானிஷ் மொழியில் பேசிக்கொண்டிருந்த இலக்கியக் குழுவும் போயிற்று. ரசிகர் புனைவுக் குழுக்களும் போயின.

பயனர்கள் கொதித்தார்கள். தங்கள் எண்ணிக்கையைக் காட்டுவதற்காகவே ஒரு குழுவைத் திறந்து ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். ஓரிரு நாளிலேயே நிறுவனத்தின் தலைவர் தவறு நடந்துவிட்டதாக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பல கணக்குகள் திரும்ப வந்தன. இத்தோடு கதை முடிந்திருந்தால் 'பயனர்களுக்குச் செவிசாய்த்த நிறுவனம்' என்று நிர்வாகப் பாடப்புத்தகத்தில் போட்டிருப்பார்கள். ஆகஸ்டில் மறுபடியும் முடக்கம். டிசம்பரில் ரஷ்யாவின் சுப் என்ற நிறுவனத்துக்குத் தளம் கைமாறியது. 2008 மார்ச்சில் விளம்பரமில்லாத இலவசக் கணக்கைப் புதியவர்களுக்கு நிறுத்தினார்கள். மார்ச் 21 அன்று பயனர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். யாரும் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று.

இதற்கிடையில் நிறுவனம் ஒரு காரியம் செய்தது. ஆலோசனைக் குழு. சட்ட அறிஞர் லாரன்ஸ் லெசிக், ஆய்வாளர் டானா பாய்ட், தளத்தைத் தொடங்கிய ஃபிட்ஸ்பாட்ரிக் என்று பெரிய பெயர்கள். அவர்களோடு பயனர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளும் உண்டு. தேர்தலும் நடந்தது. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், ஆலோசனைக் குழு: ஆலோசனை சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீதோடு திரும்பியவர்களுக்கு இந்த வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்த ஒரு புகாருக்கு 500 கணக்குகள் விழுந்தன. உள்ளே வருடக்கணக்காகக் குடியிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்ட பிறகுதான் மன்னிப்பு கிடைத்தது. நிறுவனத்தின் கண்ணில் இந்த எழுத்தாளர்கள் குடியிருந்தவர்கள்தான். வீட்டுக்காரர் வேறு.

ஆகவே சிலர் சொந்த வீடு கட்ட முடிவெடுத்தார்கள். உண்மையில் அந்த முடக்கத்துக்குச் சில நாட்கள் முன்னரே, மே 17 அன்றே, அந்த யோசனை எழுந்துவிட்டது. அதைத் தூண்டியது ஃபேன்லிப் என்ற இன்னொரு நிறுவனம். முதலீட்டாளர் பணத்தோடு வந்து, ரசிகர் புனைவைத் திரட்டி வியாபாரமாக்கப் பார்த்தது. எழுதுகிறவர்களைக் கேட்காமலேயே, அவர்கள் போட்ட கோட்டைத் தாண்டமாட்டார்கள் என்று பெரிய ஸ்டுடியோக்களுக்கு உறுதி சொல்லும் விதத்தில் தன்னை விற்றுக்கொண்டது. (2008 இலேயே மூடிவிட்டுப் போனார்கள், அது வேறு விஷயம்.) இதைப் பார்த்துத்தான் நாவலாசிரியர் நவோமி நோவிக், தன் ரசிகர் புனைபெயரில், நமக்கென்று நாமே நடத்தும் ஒரு காப்பகம் வேண்டும் என்று எழுதினார். விளம்பரம் இருக்கக் கூடாது, லாபம் இருக்கக் கூடாது, சட்டச் சிக்கல் வந்தால் எழுத்தாளரைக் கைவிட்டு ஓடக் கூடாது. அந்தப் பதிவின் கீழே திரண்டவர்கள் என்னென்ன வசதி வேண்டும் என்று பட்டியல் போடத் தொடங்கினார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் வொர்க்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பும், அது நடத்தும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற தளமும். சுருக்கமாக ஏஓ3. 2009 நவம்பரில் எல்லோருக்கும் திறந்தார்கள். அதைக் கட்டியவர்களில் பலர் அதற்கு முன் ஒரு வரி நிரல்கூட எழுதியிராத பெண்கள். தங்கள் தளத்தைக் கட்டுவதற்காகவே ரூபி மொழியைக் கற்றுக்கொண்டார்கள். சர்வரைச் சொந்தமாக வாங்கினார்கள். 10 டாலர் நன்கொடை கொடுத்து உறுப்பினரானால் நிர்வாகக் குழுத் தேர்தலில் வாக்களிக்கலாம்.

பயனர் கருத்தைக் கேட்டு ஒரு தளம் கட்டப்பட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு அங்கிருந்து ஓர் உதாரணம். எழுதுகிறவர்களுக்கு ஒரு பயம் இருந்தது: வேலை செய்யும் இடத்திலோ வீட்டிலோ தெரிந்துவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓட வேண்டும். வாசிக்கிறவர்களுக்கு வேறொரு பயம்: நேற்று வாசித்த கதை இன்று காணாமல் போய்விடும். இரண்டும் நியாயம், இரண்டும் மோதுகின்றன. அவர்கள் கண்ட வழி, கதையை 'அநாதையாக்கும்' வசதி. எழுதியவர் தன் பெயரை நிரந்தரமாக அறுத்துக்கொள்ளலாம், கதை மட்டும் காப்பகத்தில் தங்கிவிடும். வெளியே இருந்து வரும் எந்தக் கம்பெனிப் பொறியாளருக்கும் இது தோன்றியிருக்காது. அந்தப் பயத்தோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் தோன்றும். 2019 இல் அந்தக் காப்பகத்துக்கு அறிவியல் புனைவுலகின் ஹ்யூகோ விருது கிடைத்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் அது தங்களுக்கே கிடைத்ததாகக் கொண்டாடினார்கள். கொண்டாட அவர்களுக்கு உரிமை இருந்தது.

லைவ்ஜர்னலில் பணியாற்றியவர்கள் சிலரும் 2009 இல் பிரிந்து வந்து, அதே நிரலைக் கொண்டு ட்ரீம்விட்த் என்ற தளத்தைத் தொடங்கினார்கள். பயனர்கள் சொல்லும் யோசனைகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படும், மற்றவர்கள் அதன்மேல் விவாதிப்பார்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பயன்படுத்த முடிகிறதா என்பதைத் தொடக்கத்திலிருந்தே கவனித்தார்கள். சின்னத் தளம், இன்றும் விளம்பரம் இல்லாமல் நடக்கிறது. நல்ல விஷயங்கள் நடக்கும் இடத்தைப் பற்றி எழுத அதிகம் இருப்பதில்லை. ஏஓ3க்குக் கடைசியில் திரும்பி வருவேன். அதற்கு முன், கதையெழுதுகிறவர்களை விட்டுவிட்டு, பின்னல் பின்னுகிறவர்களிடம் போக வேண்டும். ஏனென்றால் அதே 2007 மே மாதத்தில் அங்கேயும் ஒன்று தொடங்கியது.

ராவல்ரி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜெசிகா, கேசிடி ஃபோர்ப்ஸ் இணையர் தொடங்கிய தளம். ஜெசிகா பின்னுகிறவர், கேசிடி நிரல் எழுதுகிறவர். எந்த நூலில் எந்த டிசைனைப் பின்னினோம், பின்னும்போது என்ன சிக்கல் வந்தது, வீட்டில் எவ்வளவு நூல் மிச்சம் இருக்கிறது என்று பின்னுகிறவர்கள் குறித்துவைக்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் யோசனை. ஆரம்பத்தில் உள்ளே வரவே காத்திருப்போர் பட்டியல். பயனர்களே நன்கொடை திரட்டிக் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் முழுத் தளத்தின் நிரலையும் கேசிடி ஒருவரே எழுதினார். ஒரு பயனர் காலையில் ஒரு குறை சொன்னால் சாயங்காலம் அது சரியாகியிருக்கும் என்ற அளவுக்கு நெருக்கம் என்று பழைய பயனர்கள் பெருமையாகச் சொல்வார்கள். விரல்விட்டு எண்ணும் ஊழியர்களை வைத்துக்கொண்டு, 2019 வாக்கில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட தளமாக வளர்ந்தது.

வெளியாள் அடித்தால் ராவல்ரி தன் ஆட்களோடு நின்றது. 2012 இல் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி ஒரு வக்கீல் கடிதம் அனுப்பியது. ஒலிம்பிக்ஸைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே பின்னி முடிக்கும் போட்டி ஒன்றைப் பயனர்கள் 'ராவலிம்பிக்ஸ்' என்று நடத்திவந்தார்கள். அந்தப் பெயர் ஒலிம்பிக்ஸின் மாண்பைத் தாழ்த்துகிறதாம். பின்னல்காரர்கள் எழுந்துவிட்டார்கள். கமிட்டி மன்னிப்புக் கேட்டது. கேட்ட மன்னிப்பிலேயே, எங்கள் வீரர்களுக்கு நீங்கள் கையால் ஏதாவது பின்னி அனுப்பினால் வரவேற்போம் என்று எழுதியிருந்தார்கள். பெண்களின் வேலையை மட்டம் தட்டிவிட்டு அதே வேலையை இலவசமாகவும் கேட்கிறார்கள். இன்னொரு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. போட்டியின் பெயரை 'ராவெலெனிக் கேம்ஸ்' என்று மாற்றிக்கொண்டு இன்றும் நடத்துகிறார்கள்.

குடும்பத்துக்குள்ளே இருந்து அடி விழுந்தால்? 2019 ஜனவரியில் அமெரிக்காவின் பிரபலமான பின்னல் எழுத்தாளர் ஒருவர், வெள்ளையினப் பெண், தான் முதன்முறை இந்தியாவுக்குப் போகப்போவதை எழுதினார். செவ்வாய் கிரகத்துக்குப் போக இடம் கிடைத்ததைப்போல என்ற தொனியில் இருந்தது அந்த எழுத்து. 130 கோடி மனிதர்கள் வாழும் நாடு அவருக்கு ஒரு வண்ணமயமான அயல்கிரகம். கறுப்பினப் பெண்களும் தெற்காசியப் பெண்களும் பேசத் தொடங்கினார்கள். அந்த ஒரு பதிவோடு பேச்சு நிற்கவில்லை. நூல் கடைக்குள் நுழைந்தால் தங்களை யாரும் கவனிக்காததை, அல்லது திருடவந்தவரைப்போலப் பின்தொடர்ந்ததை, டிசைன் புத்தகங்களில் தங்கள் முகமே இல்லாததைச் சொன்னார்கள். வந்த பதில் என்ன தெரியுமா? இது பின்னல், இங்கே ஏன் அரசியல்? நாங்கள் மனநிம்மதிக்காக வருகிறோம். எழுத்தாளர் மன்னிப்புக் கேட்டார். பலர் கேட்கவில்லை.

அந்த விவாதம் ஓயாத நிலையில் 2019 ஜூன் மாதம் ராவல்ரி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ட்ரம்பையும் அவரது நிர்வாகத்தையும் ஆதரிக்கும் எதுவும், டிசைனோ பின்னிய தொப்பியோ எழுத்தோ, இனி இங்கே கூடாது. ட்ரம்புக்கு வாக்களித்தவர்கள் தாராளமாக இருக்கலாம், ஆதரவை இங்கே பேசக் கூடாது. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் இடமாகவும், வெள்ளையின மேலாதிக்கத்துக்கு இடம் கொடுக்கும் இடமாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆர்பிஜி.நெட் என்ற விளையாட்டு ரசிகர் தளம் 2018 அக்டோபரில் இதே விதியைக் கொண்டுவந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதினோம் என்று ராவல்ரி ஒளிக்காமல் சொன்னது. உலகெங்கும் செய்தியானது. ஒரு பகுதியினர் வெளியேறினார்கள். உரிமையாளர்கள் பின்வாங்கவில்லை.

இந்த முடிவு சரி என்றுதான் நான் நினைக்கிறேன். நடுநிலை என்ற பெயரில் அடிக்கிறவனையும் அடிபடுகிறவனையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கும் வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு வருடம் கழித்து நடந்ததையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த வரலாறு முழுமையாகும்.

2020 ஜூனில் ராவல்ரி தளத்தின் தோற்றத்தை மாற்றினார்கள். பளீரென்ற வண்ணங்கள், கறுப்புக் கோடுகள், படங்களுக்கு அடியில் கனத்த நிழல்கள். சில நாட்களுக்குள் புகார்கள் குவிந்தன. பார்த்தாலே ஒற்றைத் தலைவலி வருகிறது, தலை சுற்றுகிறது, கண் வலிக்கிறது என்றார்கள். சிலர் வலிப்பு வந்ததாகச் சொன்னார்கள். அமெரிக்காவின் எபிலெப்சி ஃபவுண்டேஷன், வலிப்பு நோய் உள்ளவர்கள் அந்தத் தளத்தைப் பார்ப்பதில் எச்சரிக்கையாக இருக்கும்படி சொல்லும் அளவுக்குப் போயிற்று. வெறும் அழகு பற்றிய சண்டை இல்லை இது. பின்னலை நம்பிப் பிழைக்கிற டிசைனர்கள் அங்கே இருந்தார்கள். உடம்பு முடியாமல் வீட்டோடு இருப்பவர்களுக்கு அதுதான் வெளியுலகமே. அவர்கள் வீட்டுக் கதவையே மாற்றிப் பூட்டியதைப்போல ஆகிவிட்டது.

நிர்வாகம் சில நிழல்களைக் குறைத்தது. பழைய தோற்றத்துக்குத் திரும்பும் வசதியைக் கொஞ்ச காலம் வைத்திருந்தது. அடுத்த ஆண்டு அதையும் எடுத்துவிட்டது. 2019 இல் தன் வியாபாரத்துக்கே நஷ்டம் வரும் என்று தெரிந்தும் நியாயத்தின் பக்கம் நின்ற அதே கைகள்தான் இதையும் செய்தன. எப்படி?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 2019 இன் முடிவில் உரிமையாளர்கள் தங்களை எப்படிப் பார்த்துக்கொண்டார்களோ அதற்கு எந்தச் சேதமும் இல்லை. எதிரி வெளியே, வாஷிங்டனில் இருந்தான். 2020 இன் புகாரில் எதிரி வெளியே இல்லை. 'நீங்கள் அன்போடு செய்த வேலை என் உடம்பை வதைக்கிறது' என்பதுதான் புகார். அதைக் கேட்க வேறொரு காது வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒரு தளத்தைத் திறந்தாலே தலை சுற்றுகிறவர், அந்தத் தளத்துக்குள் வந்து எப்படிப் புகார் எழுதுவார்? யாருக்கு அதிகமாக வலித்ததோ அவர்தான் முதலில் வெளியேறினார். உள்ளே மிஞ்சியவர்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பான்மை நலமாகத்தான் இருக்கும். படியேற முடியாதவர்கள் மாடியில் நடக்கும் கூட்டத்துக்கு வரவே முடியாது. வந்தவர்களைக் கேட்டால் படி நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள்.

இப்போது சொந்த வீட்டுக்குத் திரும்புவோம். ஏஓ3.

ஒலிம்பிக் கமிட்டியும் இல்லை, விளம்பரக்காரரும் இல்லை, முதலாளியும் இல்லை. பயனர்களே கட்டி, பயனர்களே வாக்களித்து நடத்தும் காப்பகம். அங்கே கறுப்பின ரசிகர்களும் ஆசிய, லத்தீன் ரசிகர்களும் பல ஆண்டுகளாக ஒன்றைச் சொல்லிவந்தார்கள். தங்கள் கதைகளுக்குக் கீழே நிறவெறி வசைகள் வருகின்றன. அவற்றை எழுதுகிறவர்களைத் தடுக்கக் கருவி இல்லை. தங்கள் இனத்தை இழிவுபடுத்துவதற்கென்றே சில கதைகள் எழுதப்படுகின்றன. இது புதிய சண்டையும் இல்லை. 2009 லேயே, ஏஓ3 கட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில், லைவ்ஜர்னலில் அறிவியல் புனைவு எழுத்தாளர்களும் ரசிகர்களும் நிறவெறி பற்றி மாதக்கணக்கில் மோதினார்கள். 'ரேஸ்ஃபெயில்' என்ற பெயரில் அது வரலாற்றில் நிற்கிறது. இந்திய ஆய்வாளர் ருக்மிணி பாண்டே ரசிகர் உலகின் இனவாதம் பற்றி 2018 இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ரசிகர் உலகில் வெள்ளையாக இருப்பதே இயல்பாக எடுத்துக்கொள்ளப்படுகிறது, அதைச் சுட்டுகிறவர் எல்லோருடைய சந்தோஷத்தையும் கெடுக்க வந்தவராகிறார் என்று காட்டினார். பொழுதுபோக்குத் தளங்களுக்கு இருக்கும் தனிக் கவசம் அது. அலுவலகத்தில் அநீதி என்றால் கொஞ்சமாவது வெட்கப்படுவார்கள். விளையாட்டில் அநீதி என்று சொன்னால், விளையாட்டைக் கெடுக்காதே என்பார்கள்.

காப்பகம் ஏன் காது கொடுக்கவில்லை? அவர்கள் எல்லோரும் இனவெறியர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, ஆனால் அது வரலாறாகாது. அங்கே 2007 இன் காயம் இருக்கிறது. வெளியாள் ஒருவரின் புகாரால் தங்கள் எழுத்து ஒரே நாளில் அழிக்கப்பட்டதை, மீண்டு வந்தவர்களின் குழுக்கள்கூட அழிக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் அந்த வீட்டைக் கட்டினார்கள். ஆகவே வீட்டின் முதல் விதி: இங்கே எதுவும் பிடிக்கவில்லை என்பதற்காக நீக்கப்படாது. எச்சரிக்கை போடு, டேக் போடு, வேண்டாதவர் விலகிப் போகட்டும், ஆனால் அழிக்காதே. அந்த விதி அவர்களைக் காப்பாற்றியது உண்மை. அதை நான் இழிவாகப் பேசமாட்டேன். தணிக்கை என்று வந்தால் முதலில் வெட்டப்படுவது விளிம்பில் இருப்பவர்களின் எழுத்துதான் என்பது நமக்கும் தெரிந்ததே.

ஆனால் ஒரு காயத்திலிருந்து பிறந்த விதி, அடுத்தவரின் காயத்தைப் பார்க்கவிடாமல் கண்ணை மறைத்தது. கறுப்பின ரசிகர் ஒருவர் வாய் திறந்தாலே காப்பகத்தின் காதில் 'நீக்கு' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. அவர்கள் கேட்டதில் பெரும்பகுதி அதுவல்ல. என்னைத் தொடர்ந்து வந்து வைகிறவரைத் தடுக்க ஒரு பொத்தான் கொடு. தொல்லை பற்றிய உன் விதியில் நிறவெறித் தொல்லையையும் வெளிப்படையாகச் சேர். இதில் அனுபவம் உள்ள ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள். இவற்றில் எது தணிக்கை?

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட பிறகு அமெரிக்கா முழுவதும் தெருவுக்கு வந்தது. ரசிகர்களும் காப்பகத்துக்கு வெளிப்படையாக எழுதினார்கள். ஜூனில் அமைப்பின் நிர்வாகக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. குறைகளை ஒப்புக்கொண்டது. கருவிகளை மேம்படுத்துவோம், விதிகளை மறுபரிசீலனை செய்வோம், பன்மைத்துவ ஆலோசகர் ஒருவரை நியமிப்போம் என்றது. நன்றாக எழுதப்பட்ட அறிக்கைதான். தன்னார்வலர்களின் உழைப்பில் ஓடும் அமைப்பு என்பதால் வேலை மெதுவாக நடக்கும் என்பதையும் ஏற்கலாம். தொல்லை கொடுப்பவரைத் தடுக்கும் வசதியும், ஒருவரின் எழுத்து கண்ணில் படாமல் செய்யும் வசதியும் பிறகு வந்தன. அவை சும்மா வரவில்லை, கேட்டுக்கேட்டு வந்தவை. யாரையும் நீக்காமலேயே வந்தவை.

ஆலோசகர் மட்டும் வரவில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம்.

2023 மே மாதம் ரசிகர்கள் 'அமைப்பில் நிறவெறியை முடித்துவை' என்ற பிரச்சாரத்தைத் தொடங்கினார்கள். இதற்கு எந்தச் சாலையையும் மறிக்க வேண்டியிருக்கவில்லை. காப்பகத்தில் ஒவ்வொரு எழுத்தாளரும் தன் கதையின் தலைப்பைத் தானே மாற்றலாம். மாற்றினார்கள். ஹாரி பாட்டர் கதை தேடி வந்தவரும், ஸ்டார் வார்ஸ் கதை தேடி வந்தவரும் வரிசையாகத் தலைப்புகளிலேயே அந்த முழக்கத்தைப் படிக்க வேண்டியிருந்தது. நிர்வாகத்தால் அதை எடுக்கவும் முடியாது, எதையும் நீக்குவதில்லை என்பது வீட்டின் விதி அல்லவா! வெள்ளையின ரசிகர்கள் பலரும் தங்கள் கதைகளுக்கு அந்தத் தலைப்பை வைத்தார்கள்.

பிரச்சாரம் இரண்டு வாரம் நடந்தது. கோரிக்கைகளோடு கெடுவும் வைத்தார்கள். தொல்லை பற்றிய விதிகளைத் திருத்துவது ஒன்று. நிறவெறி உள்ளடக்கம் பற்றி ஒரு கொள்கை வகுப்பது ஒன்று. மற்றொன்றைப் புதிதாக எழுதவே தேவையிருக்கவில்லை. ஆலோசகரை நியமிக்கச் சொல்லும் அந்தக் கோரிக்கை, 2020 ஜூனில் நிர்வாகக் குழுவே தன் அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தது.